மழைக்கு முன்னால் உங்கள் சந்துக்கு யாராவது வந்தார்களா? மும்பைத் தமிழர்களின் அனுபவங்கள்

சயான் சால்வாசி

மழைக்காலம் தொடங்குமுன் மாநகராட்சி ஒரு பட்டியல் வெளியிடும். எந்தெந்த நாளில், எத்தனை மணிக்குக் கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் என்று அதில் இருக்கும். எங்கள் சால், அதாவது வரிசையாக ஒற்றை அறைக் குடித்தனங்கள் இருக்கிற கட்டடம், அதன் வாசலில் அதை ஒட்டுவது என் வேலை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் "இது எதற்கு?" என்று கேட்பார்கள். இங்கே மழைத்தண்ணீர்க் கால்வாய்கள் பலவற்றின் வாய் கடல் ஏறும்போது மூழ்கிவிடும். மதகை மூடாவிட்டால் கடல் உள்ளே வரும், மூடினால் மழைத்தண்ணீர் வெளியே போகாது. பம்பு வைத்து இறைத்தால்தான் உண்டு. அதனால் எவ்வளவு மழை என்பதோடு எத்தனை மணிக்கு மழை என்பதையும் பார்க்க வேண்டும்.

வார்டு ஆபிஸில் ஒரு தடவை கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பேரிடர்த் திட்டம் என்று தடியாக ஒரு ஃபைல். பம்பு எங்கே நிற்கும், மக்களைத் தங்கவைக்க எந்தப் பள்ளிக்கூடம், சாவி யாரிடம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் எங்களுக்கு ஒதுக்கிய பள்ளிக்கூடம் நாளா என்கிற பெரிய வடிகாலுக்கு அந்தப் பக்கம். அந்த நாளா பொங்கினால்தானே நாங்கள் வீட்டை விட்டே கிளம்புவோம்! சொன்னதும் அங்கிருந்த இளம் இன்ஜினியர், "காகா, மேப்பில் பக்கமாகத்தானே இருக்கிறது" என்று திருப்பிக் காட்டினார். பார்த்தால் பக்கம்தான். ஆனால் அந்த மேப்பில் சந்தும் இல்லை, நாளா மேல் இருக்கிற ஒற்றைப் பலகையும் இல்லை. பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் மாறியிருந்தது. ராத்திரி சாவிக்கு மட்டும் இன்னும் வாட்ச்மேனைத் தேடி அலைய வேண்டும்.

உங்கள் பக்கம் எப்படி? கட்சி அரசியல் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

கலீனா பென்ஷன்காரர்

2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் இது முடியாது. நான் அன்று தென் மும்பையில், கோட்டைப் பக்கம் ஆபிஸில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாதாரண மழை, டீக்காரப் பையன்கூட வழக்கம்போல வந்து போனான். வீட்டிலிருந்து வெள்ளம் என்று போன் வந்தபோது மிகைப்படுத்துகிறார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். அந்த 24 மணி நேரத்தில் ஆபிஸ் பக்கமான கொலாபாவில் பதிவானது சுமார் 73 மில்லிமீட்டர், எங்கள் கலீனாவை ஒட்டிய சாந்தாகுரூஸில் 944. ஒரே ஊர்! மாநகராட்சியின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையும் எங்களைப் போலக் கோட்டைப் பக்கம்தான்.

தாதரில் வண்டி நின்றுவிட்டது, அப்புறம் நடைதான். முன்னால் போகிறவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் இருக்கிற தடுப்புச்சுவர் மேல் வரிசையாக நடந்தோம். சட்டைக்காரர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம்தான் நகரம் முழுக்கத் தானியங்கி மழைமானிகள் வைத்தார்கள். இப்போது எந்தப் பகுதியில் கொட்டுகிறது என்பது கால் மணிக்கொரு தரம் தெரிகிறது. நான் மனதாரப் பாராட்டுகிற ஒரே விஷயம் இது.

கிங்ஸ் சர்க்கிள் கடைக்காரன்

சுருக்கமாக ஒன்று. தண்ணீர் தேங்கினதும் பையன்கள் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவார்கள். 2017 ஆகஸ்ட் 29 மழையில் திறந்த மேன்ஹோலில் விழுந்து ஒரு பெரிய டாக்டர் இறந்தார், இரண்டு நாள் கழித்து வர்லியில்தான் உடல் கிடைத்தது. அதிலிருந்து மூடிக்குக் கீழே இரும்புவலை போட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் ஒன்றுக்கு வலை இல்லை என்று மாநகராட்சியின் 1916 எண்ணுக்குப் போன் செய்தேன். "லேண்ட்மார்க் சொல்லுங்க" என்றார்கள். என் கடைதான் லேண்ட்மார்க் என்றேன். வந்து போட்டார்கள், கொஞ்சம் தாமதமாக.

மாட்டுங்கா மூணாவது மாடி

வெள்ளம் மட்டும்தான் பேரிடரா சார்? எங்கள் கட்டடத்தை சி-1 பட்டியலில் போட்டார்கள். உடனே காலி செய்ய வேண்டிய கட்டடம் என்று அர்த்தம். நோட்டீஸ் ஒட்டினார்கள், மின்சாரத்தை வெட்டுவோம் என்றார்கள். பக்கத்து வீட்டு மாமி அசையவே இல்லை. எல்லாரும் அவரைப் பிடிவாதக்காரி என்று பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகடி வீடு, அதாவது மொத்தமாக முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் இருக்கிற வீடு, ஒரு தடவை வெளியே போனால் திரும்ப வர முடியுமா என்பதுதான் அவர் பயம். கடைசியில் வந்த ஒரு அதிகாரி டேப் வைத்து ஒவ்வொரு குடித்தனத்தையும் அளந்து, பெயரும் பரப்பளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விதிப்படி அது செய்ய வேண்டிய வேலைதான். அந்தக் காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மாமி அன்றைக்கே மூட்டை கட்டினார். முதல் நாளே அளந்திருந்தால் இத்தனை சண்டை எதற்கு?

தாராவி அக்கா

சால்வாசி அண்ணாச்சி, உங்கள் மேப்பில் சந்து இல்லை, எங்கள் ஃபைலில் ஆளே இல்லை. மழை எச்சரிக்கை வந்தால் மெகாபோனில் மராத்தியிலும் இந்தியிலும் சொல்லிக்கொண்டே ரோட்டோடு போய்விடுவார்கள். உள்சந்தில் தரைக்கோலியில், அதாவது கீழ்த்தள அறையில், படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டிக்கு அது கேட்குமா, கேட்டாலும் எழுந்து ஓடுமா?

எங்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள் ஒரு நோட்டு போட்டோம். யார் தரைத்தளம், யாருக்கு டயாலிசிஸ், இன்சுலின் எந்த வீட்டு ஃபிரிட்ஜில், தூக்குவதற்கு எந்த இரண்டு பையன்கள். ஒரு ராத்திரி தண்ணீர் முழங்கால் வரை ஏறியபோது அந்த நோட்டைப் பார்த்துத்தான் பாட்டியை மேல்கோலிக்கு நாற்காலியோடு ஏற்றினோம். நம்ம தாராவி இரும்பு ஏணி தெரியுமே, செங்குத்தாக நிற்கும். மேலே ஒருத்தன் கயிற்றைப் பிடிக்க, கீழே ஒருத்தன் தோள் கொடுக்க, பாட்டி நடுவில் தொங்கிக்கொண்டே எங்களைத் திட்டித் தீர்த்தது.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 2020 கொரோனாவில் மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து வயதானவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் விசாரித்தார்களே. அதை வருடாவருடம் புதுப்பித்திருந்தால் நாங்கள் ஏன் நோட்டு போடப் போகிறோம்?

சயான் சால்வாசி

அக்கா, அந்த நோட்டில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று காலிப் பக்கம் ஒன்றைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பெயர் எதுவும் வேண்டாம். இந்த வாரம் வார்டு ஆபிஸ் போகிறேன், அந்தப் பென்சில் இன்ஜினியரிடம் காட்டலாம்.