ராபர்ட் ஜான்சனை மெதுவாக ஓட்டிக் கேட்கணுமா?

ஊசிமுனை:
பிடித்த பழைய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு வகை) பதிவுகளைச் சொல்லுங்கன்னு ஆரம்பிச்ச பேச்சில நேத்து மெட்டுவேலன் எழுதினதைப் படிச்சதிலிருந்து பத்திக்கிட்டு வருது. கிட்டார் வாசிச்சுப் பாடின மிசிசிப்பிக்காரர் ராபர்ட் ஜான்சனோட 29 பாட்டும் 20 சதவீதம் வேகமாப் பதிவானதாம், மெதுவா ஓட்டினாத்தான் நிஜக் குரலாம். 20 சதவீதம் குறைச்சா சுருதி கிட்டத்தட்ட நாலு அரைச்சுரம் இறங்கும், தெரியுமா? அவர் பாடினது 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டல் அறையில். அப்புறம் 1937 ஜூனில் டல்லாஸில். ரெண்டு ஊர், ஏழு மாசம் இடைவெளி. ரெண்டு இடத்திலயும் மெஷின் சொல்லிவெச்ச மாதிரி ஒரே அளவு தப்பா ஓடிச்சா?

மெட்டுவேலன்:
ரெண்டு ஊரா இருந்தா என்ன சார்? பதிவு பண்ணினது ஒரே கம்பெனி. நிமிஷத்துக்கு 78 சுத்துன்னு பேரே தவிர, அந்தக் காலத்துத் தட்டுகள் கூடக்குறைய ஓடினது ஊரறிஞ்ச விஷயம். 20 சதவீதம் குறைச்சுக் கேளுங்க, மூத்த ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் மாதிரி கனமான குரல் வரும். ஜான்சன் அவர் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டவர்தானே?

ஊசிமுனை:
கத்துக்கிட்டா குரலும் ஒட்டிக்குமா? 1964ல் சன் ஹவுஸை ராச்செஸ்டர்ல உயிரோட தேடிக் கண்டுபிடிச்சாங்க. ஜான்சனோட ஊர் ஊரா அலைஞ்ச ஜானி ஷைன்ஸ் 90கள் வரைக்கும் உயிரோட இருந்தார். 'தட்டுல கேக்குறது அவன் குரல் இல்லை'ன்னு இவங்க யாரும் சொன்னதா நான் எங்கயும் படிச்சதில்லை. நேர்ல கேட்ட காதுக்குத் தெரியாத 20 சதவீதம் உங்க காதுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?

கோதைப்பண்:
உங்க சண்டை இருக்கட்டும். ரெண்டு பேர் பட்டியல்லயும் ஒரு பொண்ணு பேர் கூட இல்லையே, ஏன்? 1920ல் மேமி ஸ்மித்தோட 'கிரேஸி ப்ளூஸ்' வித்துத் தீர்ந்ததாலதான் கம்பெனிகள் கறுப்பினப் பாடகர்களைத் தேடியே போனாங்க. 1925ல் பெஸ்ஸி ஸ்மித் பாடின 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' கேட்டிருக்கீங்களா? அடியில ஹார்மோனியம் இழுத்துக்கிட்டே இருக்கும். பெஸ்ஸி ஒரு அடி பாடி முடிச்சதும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் கார்னெட்டில (ட்ரம்பெட் மாதிரி ஊதுகருவி) பதில் சொல்வார். எங்க அப்பா வீட்டுல இருந்தா அந்தப் பாட்டு ஓடாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஊசிமுனை:
அம்மா, அது ஜாஸ் பக்கம் சேர்ந்தது. இங்க பேச்சு மிசிசிப்பி டெல்டா பக்கத்து கிட்டார் ப்ளூஸ் பத்தி.

கோதைப்பண்:
தலைப்பிலயே ப்ளூஸ்னு இருக்கிற பாட்டை ஜாஸ்னு தள்ளிவிடுறீங்க. கிட்டாரோட ஒரு ஆம்பளை தனியா உட்கார்ந்து பாடினாத்தான் ப்ளூஸா? உங்களுக்கு இது புதுசில்லை. போன மாசம் ப்ளூஸ் பாடகி மா ரெய்னி பத்தி எழுதினப்பவும் இப்படித்தான் என் வாயை அடைச்சீங்க.

மெட்டுவேலன்:
அவருக்கு யார் சொன்னாலும் தப்புதான். டெல்டா பாடகர் சார்லி பேட்டன் விஷயத்தில என்னைப் படுத்தினபாடு மறக்கலை.

தேய்ந்ததட்டு:
வேலன் தம்பி, நீங்க கேக்குறது எம்பி3. தட்டுல ஊசி வெச்சுக் கேக்காதவங்க வேகத்தைப் பத்திப் பேசறதே எனக்கு வேடிக்கையா இருக்கு. மிசிசிப்பிப் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸ் 1931ல் கிராஃப்டன்ல பாடினதைக் கேளுங்க. நாற்காலி செய்யிற கம்பெனி நடத்தின பாரமவுண்ட் லேபிள், மட்டமான தட்டு, வறுக்கிற சத்தத்துக்கு நடுவுலதான் குரலே வரும். அந்த இரைச்சலோடதான் நான் கேட்பேன்.

மெட்டுவேலன்:
தட்டு வாங்கக் காசு இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் காது இருக்கா அண்ணே?

ஊசிமுனை:
ஸ்கிப் ஜேம்ஸ் பேரை எடுத்தது நல்லதாப் போச்சு. 1931லயும் உச்சக்குரல். 60கள்ல திரும்பக் கூட்டிட்டு வந்து புது மெஷின்ல பதிவு பண்ணினப்பவும் அதே உச்சக்குரல். மெல்லிசா, மேல ஏறிப் பாடுறது மிசிசிப்பிக்காரங்களுக்குப் புதுசில்லை.

இன்னொண்ணு. 'கம் ஆன் இன் மை கிச்சன்' முதல் டேக்கைப் போடுங்க. நடுவுல பாட்டை நிறுத்தி, காத்து ஊளையிடுறது கேக்கலையான்னு ஜான்சன் தாழ்ந்த குரல்ல கேப்பார். உடனே கம்பியில ஸ்லைடு (விரல்ல மாட்டுற குழாய்) வழுக்கி அந்தக் காத்தாவே விசும்பும். எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். நீங்க சொன்ன மாதிரி 20 சதவீதம் குறைச்சு நேத்து ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். விசும்பல் போயி மாடு கத்துற மாதிரி ஆகிடுச்சு. 27 வயசுல செத்துப்போன மனுஷன் விட்டுட்டுப் போனதே இவ்வளவுதான். அதையும் கெடுக்காதீங்க.

மெட்டுவேலன்:
உங்களுக்கு மாடு, எனக்கு மனுஷன். மெதுவா ஓட்டினாத்தான் விரல் எங்க போகுதுன்னே எனக்குப் புரியுது. 20 சதவீதம்னு சொன்னதுல ஒரு புள்ளி கூட நான் குறைக்கமாட்டேன்.

கோதைப்பண்:
பெஸ்ஸிக்கு இன்னும் பதில் வரலை.

ஊசிமுனை:
வரும். முதல்ல வேலன் சொல்லட்டும், ரெண்டு ஊர்லயும் அதே 20 எப்படி வந்துச்சு?