ரங்கிடோட்டோ உச்சி: அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி – புது ஆக்லாந்துவாசி:
ஜனவரியில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அறுபது தாண்டியவர்கள், தினமும் நடப்பவர்கள்தான். இறங்கும்போது மட்டும் அம்மாவுக்கு முழங்கால் பிடிக்கும். ஆக்லாந்துக்குப் பக்கத்து எரிமலைத் தீவான ரங்கிடோட்டோவின் உச்சி 259 மீட்டர்தானே, செருப்போடு ஏறிவிடலாமா? எரிமலைக் குகையும் பார்க்க ஆசை.

கரடுமுரடன்:
செருப்பு வேண்டவே வேண்டாம். பாதை முழுக்கப் பொரிபொரியான எரிமலைச் சரளை. உள்ளே ஒரு கல் புகுந்தால் தோலைச் சீவிவிடும். அடிப்பாகம் பிடிப்பான ஷூ போதும். படகுத்துறையிலிருந்து உச்சிக்கு ஒரு வழி 2.4 கி.மீ. பொதுவாக ஒரு மணி நேரம், பெரியவர்களோடு என்றால் ஒன்றரை. பெரும்பகுதி மெதுவான ஏற்றம்தான், கடைசியில்தான் செங்குத்து, படிக்கட்டு.

உச்சிக்கூம்பு:
எல்லோரும் கோட்டை விடுவது தண்ணீரில். தீவில் குடிநீரும் இல்லை, கடையும் இல்லை. சுமார் 600 வருஷத்துக்கு முந்திய எரிமலை, மண்ணே சரியாகச் சேரவில்லை. பெய்த மழை பாறை வெடிப்பு வழியே இறங்கிவிடும், ஓடை கிடையாது. ஜனவரி வெயிலில் கறுப்புப் பாறை கீழிருந்தும் அனல் அடிக்கும். ஆளுக்கு 2 லிட்டர், தொப்பி, சன்ஸ்கிரீன். முதல் படகில் போய்விடுங்கள்.

படகேறும் முன் ஷூ அடியைத் தேய்த்துக் கழுவுங்கள், பையை உதறுங்கள். எலி, பூனை எல்லாம் ஒழித்து 2011-இல் தீவை விடுவித்திருக்கிறார்கள்; ஒட்டிவரும் விதையும் எறும்பும் அதைக் கெடுத்துவிடும். சாப்பாடு மூடிய டப்பாவில். குப்பைத்தொட்டி கிடையாது, குப்பை உங்களோடு திரும்பும்.

குகைவாசி:
குகைக்கு உச்சிப் பாதையிலிருந்து கிளை பிரியும், சுமார் 15 நிமிடம். ஓடிய எரிமலைக் குழம்பின் மேல்தோல் இறுகி, உள்ளே இருந்தது வடிந்துபோன குழாய்தான் அது. போன் வெளிச்சம் போதாது. நெற்றி டார்ச் கட்டினால் இரண்டு கையும் சுவரைப் பிடிக்கும். சில இடத்தில் குனிந்து போகணும், தரையும் மேடுபள்ளம். அம்மா வெளியே நிழலில் இருப்பதே உத்தமம்.

புது ஆக்லாந்துவாசி:
நன்றி. முழங்காலுக்கு?

கரடுமுரடன்:
ஒரு ஜோடி ஊன்றுகோல். இறங்கும்போது கோலின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சரளை உருளும், அதனால் சின்னச் சின்ன அடியாக வைத்துப் பாதத்தை முழுசாகப் பதிக்கணும். உச்சியில் ஹௌராக்கி வளைகுடாவும் நகரமும் தெரியும், அங்கேயே நேரம் போய்விடும். கடைசிப் படகு போனால் தீவில் தங்க இடமில்லை. தனிப்படகு வரவழைத்தால் காசு பறக்கும். அன்றைய படகு நேரத்தைக் காலையிலேயே படம் பிடித்துக்கொண்டு, கடைசிக்கு முந்தின படகைக் குறி வையுங்கள்.