மரத்துல சொறி, மருந்து கேக்கல, அவசரம்

தோட்டத்துப்பாதை:
எல்லாருக்கும் வணக்கம். மரத்துல இலை, காய் எல்லாம் சொறி சொறியா வந்திருக்கு. போன வருஷம் ஓரத்துல மட்டும் இருந்துச்சு, இப்ப தோட்டம் பூரா பரவிட்டு. கடைல கேட்டு ரெண்டு மருந்து அடிச்சாச்சு, கேக்கல. கமிஷன் கடைல காயை வாங்க மாட்டேங்காங்க. என்ன அடிக்கணும்னு சீக்கிரம் சொல்லுங்க.

கொய்யாத்தோப்பு:
என்ன மரம்ங்க? கொய்யாக் காயிலயும் சொறி வரும், ஆனா அது பூஞ்சணம். மாதுளைன்னா வேற கதை.

மலையடிவாரம்:
எந்த ஊரு, மரம் எத்தனை வயசு, அடிச்ச மருந்து பேரு என்ன? இலையோட அடிப்பக்கத்தையும் சேத்து ஒரு படம் போடுங்க.

மூத்தஉழவன்:
"மரம்" என்று மட்டும் எழுதி மருந்து கேட்டால் யார்தான் சொல்ல முடியும்? பயிர், ரகம், ஊர், அறிகுறி இவற்றை எழுதிவிட்டுக் கேளுங்கள் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே இப்போது யாரிடமும் இல்லை.

நுண்ணூட்டம்:
எந்த மரமா இருந்தாலும் துத்தநாகக் குறைதான் மூலம். ஜிங்க் சல்பேட் அடிங்க, இலை தெளிஞ்சிடும்.

தோட்டத்துப்பாதை:
எலுமிச்சைதான். புளியங்குடி பக்கம், நாட்டு ரகம், ஏழு வருஷ மரம். ஒண்ணு மான்கோசெப், இன்னொண்ணு பேர் ஞாபகம் இல்ல. படம் ஏற மாட்டேங்கு. புள்ளி மேடு தட்டி, தொட்டா சொரசொரன்னு இருக்கு, சுத்தி மஞ்சள் வளையம். முள்ளு, குச்சியிலயும் இருக்கு. மழைக்கு முன்னாடி யூரியா வச்சோம், நல்லா தளிர் விட்டுது, அதுலதான் ஜாஸ்தி.

மலையடிவாரம்:
இப்ப புரியுது அண்ணாச்சி. ஒரு இலையைப் பறிச்சு வெளிச்சத்துல பிடிங்க. புள்ளி ரெண்டு பக்கமும் புடைச்சு, நடுவுல தக்கை மாதிரி வெடிச்சு, ஓரம் எண்ணெய் பட்டாப்ல ஈரமா தெரிஞ்சா அது பாக்டீரியா சொறி. சாந்தோமோனாஸ் சிட்ரின்னு பேரு. மான்கோசெப் பூஞ்சணத்துக்கான மருந்து, இதைத் தனியா கட்டுப்படுத்தாது. துத்தநாகக் குறைன்னா நரம்புக்கு நடுவுல மஞ்சளாகி இலை சிறுத்துப்போகும், சொறி வராது.

ஏற்கெனவே வந்த சொறியை எந்த மருந்தும் ஆத்தாது. அடிக்கிறதெல்லாம் புதுத் தளிரையும் பிஞ்சையும் காப்பாத்தத்தான். காத்தோட மழை அடிக்கும்போது பழைய புண்ணுல இருந்து கிருமி தண்ணியில கரைஞ்சு தெறிக்கும். இலைத்துளைப்பான் புழு வெள்ளிக்கோடு போட்ட இடம், முள்ளு கீறின இடம், இலையோட நுண்துளை, எல்லாமே அதுக்கு வாசல். உங்க தளிர்ல வெள்ளைக்கோடு கோணல்மாணலா ஓடியிருக்கா?

தோட்டத்துப்பாதை:
ஆமா, நிறைய இருக்கு. இலை சுருண்டும் இருக்கு.

மலையடிவாரம்:
அப்ப புழுவையும் சேத்துப் பாக்கணும். தளிர் விரல் நீளம் வரும்போதே வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் அடிங்க. முத்தின இலைல புழு ஏறாது, சொறியும் லேசுல வராது. யூரியாவை மொத்தமா வைக்காம பிரிச்சு வையுங்க.

மருந்துக்கடைதம்பி:
எதுக்கு இவ்வளவு சுத்து? ஸ்ட்ரெப்டோசைக்ளின் 6 கிராம் பாக்கெட் 60 லிட்டருக்கு, கூட காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம். எங்க பக்கம் எல்லாரும் இதான் அடிக்காங்க.

வெள்ளைஉடுப்பு:
தம்பி, நான் ஆஸ்பத்திரில வேலை பாக்கிறேன். அந்த ஸ்ட்ரெப்டோசைக்ளின்ல இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் குடுக்கிற ஆன்டிபயாடிக் மருந்து. தோட்டம் தோட்டமா அடிச்சா கிருமிக்கு அது பழகிப்போகும். மத்திய அரசே 2021 டிசம்பர்ல தடைக்கு வரைவு ஆணை போட்டுச்சு, 2024 தொடக்கத்துல இருந்து பயிருக்கு அடிக்கவே கூடாதுன்னு அதுல இருந்துச்சு.

மருந்துக்கடைதம்பி:
வரைவுதானே அக்கா. வேற வழி சொல்லாம தடைன்னு மட்டும் சொன்னா காய் போன விவசாயிக்கு யார் பதில் சொல்றது? கோழிப்பண்ணைல போடுற ஆன்டிபயாடிக்கை முதல்ல கேளுங்க.

வெள்ளைஉடுப்பு:
கோழிக்கும் கூடாதுன்னுதான் சொல்றேன். அங்க நடக்குது, அதனால இங்கயும் நடக்கட்டும்ங்கிறது நியாயமா? மருந்து கேக்காத காசநோயாளி படுற பாட்டை வார்டுல வந்து பாருங்க.

பஞ்சகவ்யம்:
ரெண்டும் வேண்டாம். பஞ்சகவ்யம் 3 சதம் அடிச்சுப் பாருங்க.

மூத்தஉழவன்:
விவாதம் தடம் மாறிவிட்டது. மருந்துக்கு முன் ரகத்தைப் பேசுங்கள். எலுமிச்சை இந்நோய்க்கு எளிதில் இலக்காகும் பயிர். திருப்பதியில் வெளியான பாலாஜி ரகம் ஓரளவு தாங்கும். ஃப்ளோரிடாவில் லட்சக்கணக்கான மரங்களை வெட்டி எரித்தும், 2004, 2005 புயல்களில் கிருமி பரவியதால் 2006-இல் ஒழிப்புத் திட்டத்தையே கைவிட்டார்கள். அடிப்படை தெரிந்தவர்கள் மரம் வைக்கும் முன்பே இதையெல்லாம் யோசிப்பார்கள்.

கொய்யாத்தோப்பு:
ஐயா, ஏழு வருஷ மரத்தைப் பிடுங்கிட்டு பாலாஜி வைங்கன்னா சொல்றீங்க? மனுஷன் இருக்கிற மரத்துக்கு வழி கேக்குறார்ங்க.

மலையடிவாரம்:
அண்ணாச்சி, ஆன்டிபயாடிக் இல்லாமலே பாக்கலாம். போர்டோ கலவை 1 சதம்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, நீர்க்காத சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி மொத்தம் 100 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில ரெண்டையும் தனித்தனியா கரைச்சு, சுண்ணாம்புத் தண்ணியை வடிகட்டிட்டு, துத்தத் தண்ணியை அதுல கொஞ்சங்கொஞ்சமா ஊத்திக் கிண்டுங்க. துரு இல்லாத இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்க. செம்பு நிறம் ஏறினா இன்னும் சுண்ணாம்பு சேருங்க, இல்லேன்னா தளிர் கருகிடும். கலக்கின அன்னைக்கே அடிச்சு முடிக்கணும்.

தளிர் விடுறப்ப ஒண்ணு, பூ உதிர்ந்து பிஞ்சு பிடிச்சதும் ஒண்ணு, மழை நீடிச்சா இடையில இன்னொண்ணு. அதுக்குமேல சும்மா அடிக்காதீங்க, செம்பு மண்ணுலயே தங்கிடும். மழைக்காலத்துல கவாத்து வேண்டாம். காய்ஞ்ச நாள்ல சொறி பிடிச்ச குச்சியை வெட்டி, வெட்டுவாயில போர்டோ பசை தடவி, வெட்டினதை எரிங்க. ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரியை ஸ்பிரிட்ல துடைங்க. காத்து வர்ற பக்கம் என்ன இருக்கு?

தோட்டத்துப்பாதை:
மேக்கால வெட்டவெளிதான்.

மலையடிவாரம்:
அங்க சவுக்கோ அகத்தியோ நெருக்கமா ரெண்டு வரிசை வையுங்க. என்னைக் கேட்டா மருந்தைவிட அதுக்குத்தான் முதல்ல காசு செலவழிப்பேன். உங்க ஊருக் காத்து லேசுப்பட்டதில்ல.

நுண்ணூட்டம்:
எதுக்கும் மண் பரிசோதனை பண்ணி ஜிங்க்கும் பாருங்க.

மருந்துக்கடைதம்பி:
அக்கா, அந்த ஆணை நகல் இருந்தா போடுங்க. கடைல வர்றவங்ககிட்ட காட்டணும்.

தோட்டத்துப்பாதை:
போர்டோ ரெண்டு தரம் அடிச்சாச்சு. புதுத் தளிர்ல புள்ளி ரொம்பக் கம்மி. சொறிக்காயை ஊறுகாய்க்குன்னு ஒருத்தர் குறைஞ்ச விலைக்கு எடுத்துக்கிட்டார். அகத்தி விதை போட்டிருக்கு. ரொம்ப நன்றி அண்ணாச்சி.

மலையடிவாரம்:
சந்தோஷம். அகத்தியை ஆடு கடிக்காம வேலி கட்டுங்க. தையில கவாத்து பண்ணும்போது முள்ளுல இருக்கிற சொறியையும் விட்டுடாதீங்க.