சிமுலேட்டர்ல பிஎஃப் 109 (இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் போர் விமானம்) டேக்ஆஃப் ஆகும்போது மூக்கு இடது பக்கம் வெட்டுது, உதவி வேணும்

வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் போர் விமான சிமுலேட்டர் ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா?

பி-51 மஸ்டாங்ல (அதே காலத்து அமெரிக்கப் போர் விமானம்) ஸ்டிக்கைப் பின்னால இழுத்துப் பிடிச்சா வால் சக்கரம் இஷ்டத்துக்குச் சுழலாம லாக் ஆகுது, முன்னால தள்ளினா விட்டுடுது. அருமையான ஏற்பாடு, நேரா ஓடுது. பிஎஃப் 109 கே-4-ல லாக்குக்குத் தனி லீவர். போட்டுட்டுத்தான் த்ராட்டிலை (எஞ்சின் விசையை) மெதுவா ஏத்துறேன். ஆனா வால் எழும்பின உடனே மூக்கு இடது பக்கம் வெட்டுது. ப்ரொப்பெல்லர் காக்பிட்டிலிருந்து பார்த்தா வலஞ்சுழியா சுத்துறதால வர்ற கைரோ விளைவு (சுத்துற பொருளோட அச்சைச் சாய்ச்சா அது பக்கவாட்டுல திரும்புறது) அது, வலது ரட்டர் (வால்ல இருக்கிற திசை திருப்புற தகடு) வேணும்னு தெரியும். வால் எழும்புறதுக்கு முன்னாடியே ரட்டர் கொடுக்கணுமா? ஸ்டிக்கை எந்த வேகத்துல தளர்த்துறீங்க?

என்கிட்ட ரட்டருக்குக் காலால மிதிக்கிற பெடல் இல்லைங்க, ஜாய்ஸ்டிக்கைத் திருகித்தான் ரட்டர். ஓசூர்லயோ பென்னாகரத்துலயோ பெடல் வச்சிருக்கிற அண்ணன் யாராவது இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்துடுறேன்.