ஈடிசியில் ஓடும் கிரிப்டோ மைனிங் ரிக், ரேவனுக்கு மாற்றினால் மதியத்துக்குள் விழுகிறது: 6 ஆர்எக்ஸ் 580, உதவி தேவை

நூல்மில்_ஷிப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருப்பூர் பக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆறு ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு (எல்லாமே 8 ஜிபி) வைத்து, கிரிப்டோ நாணயம் மைன் செய்ய ஒரு ரிக் (மைனிங் கணினி) போட்டிருக்கிறேன். எதீரியம் கிளாசிக் (ஈடிசி) ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ரேவன் காயினுக்கு மாற்றினால் மட்டும் தகராறு.

காலையில் ஆன் செய்தால் ஆறு கார்டும் தெரியும், ஹேஷ்ரேட் (கணக்குப் போடும் வேகம்) சரியாக வரும். பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு கார்டு 'டெட்' என்று வந்து, கொஞ்ச நேரத்தில் மொத்த ரிக்கும் உறைந்துவிடுகிறது. வாட்ச்டாக் (ரிக் உறைகிறதா என்று கவனிக்கும் காவல் வசதி) ரீபூட் செய்கிறது. ரீபூட் ஆனபின் சில நேரம் ஐந்து கார்டுதான் தெரிகிறது. சுவிட்சை அணைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து போட்டால் மறுபடி ஆறும் வந்துவிடுகிறது.

விவரம்:
பி250 மைனிங் மதர்போர்டு, செலரான், 8 ஜிபி ராம்
எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 1000 வாட், கோல்டு, மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டலாம்), பழையது
ரைசர் (கார்டை மதர்போர்டு ஸ்லாட்டோடு இணைக்கும் துண்டு) ஆறும் புதிது, 009எஸ்
ஹைவ்ஓஎஸ் (மைனிங்குக்கான லினக்ஸ்), டீம்ரெட்மைனர் (மைனிங் மென்பொருள்)
ஈடிசிக்கு: கோர் 1150, 850 மில்லிவோல்ட், மெமரி 2050
ரேவனுக்கு: கோர் 1250, 950 மில்லிவோல்ட், மெமரி 2000

பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங் ஆன், ஸ்லாட் எல்லாம் ஜென் 1, ஆன்போர்டு ஆடியோ ஆஃப். லாக்கில் 'ரிங் ஜிஎஃப்எக்ஸ் டைம்அவுட்' (கார்டு பதில் தரவில்லை என்ற டிரைவர் பிழை) என்று வருகிறது.

லாபம் வருமா என்று கேட்பவர்களுக்கு: மாடியில் சோலார் இருக்கிறது, பகலில் மிஞ்சுவதைத்தான் இதற்குக் கொடுக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு ரிக் அணைந்துவிடும்.

மதுரை_ரிக்:

மதியம்தான் விழுகிறது என்கிறீர்கள். ரிக் எங்கே இருக்கிறது? மாடியில் தகர ஷீட் அறை என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். ரேவனின் காபவ் அல்காரிதம் கார்டின் கோரை (கணக்குப் போடும் சிப்பை) பிழிந்து எடுக்கும். ஈடிசி பெரும்பாலும் மெமரி வேலை, அதனால் கார்டு சூடாகாது. முதலில் மெமரியை 1950க்கு இறக்கி, மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுப் பாருங்கள்.

நூல்மில்_ஷிப்ட்:

நீங்கள் சொன்ன மாதிரியே மாடி அறைதான் அண்ணே, ஆனால் கான்கிரீட் கூரை. கார்டு சூடு 64 முதல் 67க்குள்தான் நிற்கிறது, ஃபேன் 60 சதவீதம். கதவைத் திறந்து பெடஸ்டல் ஃபேனை நேராக வைத்துப் பார்த்தேன். மெமரி 1950லும் பார்த்தேன். கொஞ்சம் தாமதமாக விழுகிறது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:

தம்பி, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2022 செப்டம்பர் 15ல் எதீரியம் மைனிங்கை விட்டுப் போனதால்தான் இந்தக் கார்டுகள் உங்களுக்குச் சல்லிசாகக் கிடைத்தன. இப்போது வரும் காசை ரூபாயாக மாற்றும்போது லாபத்தில் 30 சதவீதம் வரி. 2022 ஏப்ரலில் இருந்து இதுதான் நடைமுறை. கார்டு, மதர்போர்டு, கரண்ட் என்று மைனிங்குக்குச் செய்த செலவைக் கழித்துக் காட்டவும் வழி இல்லை. சோலார் உபரி இபிக்கே போகட்டும், நிம்மதியாக இருங்கள்.

ரைசர்ராசா:

கணக்குப்பிள்ளை ஐயா, அவர் கேட்டது கார்டு ஏன் விழுகிறது என்று. வரிக்குத் தனி இழை போடலாம்.

(ஆனால் சோலார் இல்லாமல் இதை வீட்டு மீட்டரில் 24 மணி நேரமும் ஓட்ட நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 800 வாட் என்றால் ஒரு நாளைக்கு 19 யூனிட், இரண்டு மாத பில்லில் 1150 யூனிட் கூடும். கடைசிப் படியில் யூனிட் 11 ரூபாயைத் தாண்டுகிறது.)

ஈயப்பற்று:

ஓவர்கிளாக்கை (கோர், மெமரி வேக அமைப்பை) தொடாதீர்கள். முதலில் நான்கு விஷயம் சொல்லுங்கள்.

'ஜிபியு 4 டெட்' என்று வந்தால் அதை வைத்து எந்தக் கார்டு என்று முடிவு செய்ய வேண்டாம். ஒரு கார்டு காணாமல் போனால் அடுத்தது அந்த எண்ணுக்கு வந்துவிடும். பஸ் எண் (கார்டு இருக்கும் ஸ்லாட்டைக் காட்டும் எண்) என்ன என்று பாருங்கள், அது பொதுவாக மாறாது. விழுவது எப்போதும் ஒரே பஸ் எண்ணா?

ரைசர்களுக்குக் கரண்ட் எந்தக் கேபிளில் போகிறது? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

சுவரில் வாட்மீட்டர் இருக்கிறதா? ஹைவில் காட்டும் வாட் கணக்கில் சேராது. இந்தத் தலைமுறைக் கார்டுகளில் அது சிப் மட்டும் இழுப்பது, போர்டு முழுவதும் அல்ல.

அணைத்த உடனே மறுபடி போட்டாலும் ஆறு கார்டும் வருகின்றனவா, அல்லது ஆறிய பிறகுதானா?

நூல்மில்_ஷிப்ட்:

பஸ் 07 அல்லது 08. வேறு எதுவும் இதுவரை முதலில் விழவில்லை. முன்பு எண்ணை மட்டும் பார்த்ததால் மாறி மாறி விழுவது போல இருந்தது.

எஸ்எம்பிஎஸ்ஸில் நான்கு பிசிஐஇ கேபிள் (கார்டுக்குக் கரண்ட் கொடுப்பது), கேபிளுக்கு இரண்டு தலை. ஆக எட்டு. ஆறு கார்டுகளுக்கும், இரண்டு ரைசர்களுக்கும் போய்விட்டது. மீதி நான்கு ரைசருக்கு, ரைசர் பெட்டியிலேயே வந்த சாட்டா (ஹார்ட் டிஸ்க் பவர் பிளக்) மாற்றுக் கேபிள் போட்டேன். இரண்டு சாட்டா கேபிள், ஒவ்வொன்றிலும் இரண்டு ரைசர். 07ம் 08ம் ஒரே கேபிளில்தான் இருக்கின்றன.

வாட்மீட்டரில் ஈடிசிக்கு 640, ரேவனுக்கு 860.

உடனே போட்டால் வருவதில்லை. ஆறவிட்டுப் போட்டால் வருகிறது.

ஈயப்பற்று:

சரி, இப்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள். அந்த சாட்டா இணைப்பைக் கழற்றிப் பார்க்காமல் மறுபடி போட வேண்டாம்.

சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின். ஒரு பின் 1.5 ஆம்ப், மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்ப், அதாவது 54 வாட். ஹார்ட் டிஸ்குக்குத் தாராளம். ஆனால் கார்டு செருகும் ஸ்லாட்டில் 12 வோல்ட்டில் மட்டும் 5.5 ஆம்ப் வரை, அதாவது 66 வாட் இழுக்க அனுமதி உண்டு. அந்த 66 வாட்டும் ரைசர் வழியாக அந்தச் சின்ன பிளக்கில்தான் வர வேண்டும். உங்களுடையதில் ஒரே கேபிளில் இரண்டு ரைசர் வேறு.

ஈடிசியில் கோர் 850 மில்லிவோல்ட்டில் சும்மா இருந்ததால் ஸ்லாட் வழியே இழுத்தது குறைவு, பிளக் தாங்கியது. ரேவனில் கோர் முழு வேகம், இழுவை கூடிவிட்டது. பின் சூடானால் அதன் பிடி தளரும். பிடி தளர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், இன்னும் சூடாகும். ஒரு கட்டத்தில் கார்டுக்கு 12 வோல்ட் போதாமல் போய் டிரைவர் டைம்அவுட் அடிக்கிறது. ஆறினால் மறுபடி வேலை செய்யும். காலையில் நன்றாக ஓடி மதியம் விழுவதும் இதனால்தான். மாடி வெயில் கொஞ்சம் சேர்த்துக் கெடுக்கலாம், ஆனால் காரணம் அது இல்லை என்று நினைக்கிறேன்.

நூல்மில்_ஷிப்ட்:

கழற்றினேன். 07க்குப் போன பிளக்கை இழுத்தபோது வரவில்லை, ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. மஞ்சள் ஒயர் பக்கம் கறுப்புப் பிளாஸ்டிக் குமிழ் விட்டு உப்பியிருக்கிறது. கடைசி மூன்று பின் இருக்கும் இடத்தில் ஒரு துளை வாய் பிளந்த மாதிரி அகன்று, உள்ளே பின் கறுத்துவிட்டது. மூக்கருகே வைத்தால் கருவாட்டு வாடை. 08ன் பிளக் நிறம் மங்கியிருக்கிறது, உருகவில்லை. மற்ற கேபிளில் இருக்கும் இரண்டும் பார்வைக்குச் சரியாக இருக்கின்றன.

இந்த வாடை அறையில் முன்பே வந்ததுதான். எலி செத்திருக்கும் என்று வீட்டில் பரணை எல்லாம் இறக்கினார்கள்.

மதுரை_ரிக்:

அடேங்கப்பா. நான் வெயில் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

என்னிடம் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் பிசிஐஇ கேபிள் இரண்டு சும்மா கிடக்கிறது. கூரியரில் அனுப்பட்டுமா? உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் காலியாக இருக்கும் பிளக்கில் செருகினால் நான்கு தலை கூடுமே.

ஈயப்பற்று:

வேண்டவே வேண்டாம் அண்ணே! கார்டு பக்கம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அமைப்பு, ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. செருகினால் சரியாக உட்காரும், ஆனால் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிரவுண்டு இருக்கும். ஒரே கம்பெனியின் வேறு மாடலுக்குக்கூடச் சில நேரம் பொருந்தாது. ஆன் செய்த நொடியில் போர்டு போய்விடும்.

தம்பி, இருக்கும் கேபிளை வைத்தே செய்யலாம். எட்டு பிசிஐஇ தலையில் இரண்டு ஏற்கெனவே ரைசருக்குத்தான் போகிறது, அதை அப்படியே விடுங்கள். மீதி நான்கு ரைசருக்கு மோலெக்ஸ் (பழைய பெரிய நாலு பின் பிளக்) போதும். அதே எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த மோலெக்ஸ் கேபிள் இரண்டு இருக்கும், பெட்டியில் தேடுங்கள். மோலெக்ஸ் பின் தடிமனானது, தாங்கும். ஆனால் ஒரு கேபிளுக்கு இரண்டு ரைசருக்கு மேல் போடாதீர்கள். மோலெக்ஸிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் துண்டு வாங்கும்போது ஒயர் தடிமனைப் பாருங்கள், 18 கேஜ் வேண்டும். மெல்லிய ஒயராக இருந்தால் சூடு பிளக்கிலிருந்து ஒயருக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

அப்புறம் 860 வாட் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதிகம். பழைய 1000 வாட்டை நாள் முழுவதும் ஓட்டுவதென்றால் 800ஐத் தாண்டாமல் வைப்பது நல்லது. கோரை 1150, 875 மில்லிவோல்ட்டுக்கு இறக்குங்கள். ஹேஷ்ரேட் கொஞ்சம் குறையும், வாட் நிறையக் குறையும்.

ரைசர்ராசா:

இரண்டாவது எஸ்எம்பிஎஸ் போடும் எண்ணம் வந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். ஒரு கார்டும் அதன் ரைசரும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுக்க வேண்டும். கார்டு ஒன்றில், ரைசர் இன்னொன்றில் என்று பிரிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே ஆன், ஆஃப் ஆக சின்ன ரிலே போர்டு ஒன்று தேவைப்படும்.

நூல்மில்_ஷிப்ட்:

மோலெக்ஸ் கேபிள் இரண்டு பெட்டியிலேயே இருந்தது. 6 பின் துண்டுகள் கோவையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைத்தன. சாட்டா மாற்றுக் கேபிள் நான்கையும் வெட்டிப் போட்டுவிட்டேன். உருகின பிளக் இருந்த எஸ்எம்பிஎஸ் சாட்டா கேபிளையும் எடுத்துவிட்டேன், எஸ்எஸ்டி இன்னொரு சாட்டா கேபிளில் இருக்கிறது.

இப்போது 07, 08 விழவில்லை. கோர் இறக்கியபின் வாட்மீட்டரில் 760. ஹேஷ்ரேட் மொத்தம் 78லிருந்து 74 மெகாஹேஷ் ஆனது. மோலெக்ஸ் பிளக்கை மதியம் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும்தான்.

ஆனால் புதிதாக ஒன்று கண்ணில் படுகிறது. பஸ் 04 கார்டில் இன்வேலிட் ஷேர் (தவறான விடை) விடாமல் வருகிறது. விழவில்லை, ஆனால் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. முன்பும் இருந்திருக்கலாம், ரிக் விழுந்த பரபரப்பில் கவனிக்கவில்லை.

ஈயப்பற்று:

இதற்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது. கார்டை விற்றவர் எதீரியம் காலத்தில் கார்டின் பயாஸை (உள் மென்பொருளை) திருத்தி இருப்பார். அப்போது எல்லோரும் செய்ததுதான், 1750 மெகாஹெர்ட்ஸுக்கான மெமரி டைமிங்கை எடுத்து 2000 வரை ஒட்டிவிடுவார்கள். சாம்சங் மெமரி பெரும்பாலும் தாங்கும், மற்றவை கார்டுக்குக் கார்டு மாறும். லினக்ஸில் திருத்திய பயாஸ் எந்தச் சத்தமும் இல்லாமல் ஏறிவிடும். விண்டோஸ் என்றால் டிரைவர் முரண்டு பிடித்து உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கார்டின் மேல் விளிம்பில் சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் இரண்டு பயாஸ் உண்டு. ரிக்கை அணைத்துவிட்டுத் தட்டுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் திருத்தி வைத்திருப்பார்கள். சுவிட்ச் இல்லையென்றால் அந்தக் கார்டுக்கு மட்டும் மெமரியை 1900க்கு இறக்குங்கள், மற்ற ஐந்தையும் அப்படியே விடுங்கள்.

நூல்மில்_ஷிப்ட்:

சுவிட்ச் இருந்தது! தட்டினதும் இன்வேலிட் நின்றுவிட்டது. அந்தக் கார்டு மட்டும் ஈடிசியில் மற்றவற்றைவிட நாலைந்து மெகாஹேஷ் குறைவாகக் கொடுக்கிறது, ரேவனில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அது போதும். ஈயப்பற்று அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் ரொம்ப நன்றி. தலைப்பில் 'தீர்ந்தது' என்று போட்டுவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

மகிழ்ச்சி தம்பி. அறையில் ஒரு ஸ்மோக் அலாரம் மாட்டி வையுங்கள். அதற்கும் வரிக்கழிவு கிடையாது.

புதுமுகம்_சேலம்:

இழையைப் படித்ததும் பயமாக இருக்கிறது. நான் நான்கு ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருக்கிறேன். ஒரு சாட்டா கேபிளுக்கு ஒரே ஒரு ரைசர்தான். கார்டில் தனியாக பவர் பின்னே கிடையாது, சின்ன கார்டுதானே, பரவாயில்லையா?

ஈயப்பற்று:

உங்கள் நிலைமைதான் இன்னும் மோசம். கார்டில் பவர் பின் இல்லையென்றால் அது இழுக்கும் 75 வாட்டும் ஸ்லாட் வழியாகத்தான் வர வேண்டும், பங்கு போட வேறு கேபிள் கிடையாது. 580க்காவது பாதிக்கு மேல் 8 பின்னில் போகிறது. இன்றைக்கே அணைத்துவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றி மஞ்சள் ஒயர் பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் என்ன, அதில் பிசிஐஇ தலை எத்தனை என்று எழுதுங்கள், கேபிள் பிரித்துத் தருகிறேன்.