இடக்கைக்காரிக்கு முதல் வாள் எது?

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது. சென்னையில் மூன்று மாதமாக வாள்வீச்சு பழகுகிறாள். இதுவரை பயிற்சி மையத்தின் பொது வாளே போதுமானதாக இருந்தது. இனி ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று வாள் வகைகளில் ஒன்றை முடிவு செய்து சொந்தமாக வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

அவள் ஒரே பிடியாகச் சேபர் என்கிறாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி ஆடியது அதுதானே! இடுப்புக்கு மேல் தலை, கை எங்கும் வெட்டலாம், குத்தலாம். கண் இமைப்பதற்குள் ஒரு புள்ளி முடிந்துவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தும் யார் தாக்கினார் என்று எனக்குப் புரிவதேயில்லை.

பயிற்சியாளர் ஃபாயில் என்கிறார். உடற்பகுதியை மட்டும், அதுவும் முனையால் மட்டும் தொட வேண்டும் என்பதால் கை அடங்குமாம். இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால், முதலில் தாக்கத் தொடங்கியவருக்கே புள்ளி என்ற தாக்குதல் உரிமை விதியும் அதிலேயே பழகிவிடுமாம்.

என் மனம் எப்பே பக்கம். உச்சி முதல் பாதம் வரை எங்கு தொட்டாலும் புள்ளி, அந்த உரிமைக் கணக்கும் கிடையாது. தொடுகையைப் பதிவு செய்ய அணியும் மின்கடத்தும் மேலங்கியும் தேவையில்லை, அந்தச் செலவு மிச்சம். (கஞ்சத்தனம் என்கிறாள் மகள்.) ஆனால் மற்ற இரண்டும் 500 கிராமுக்குள் அடங்க, எப்பே 770 கிராம் வரை போகலாம் என்பது உறுத்துகிறது.

நேரடியாகச் சேபரில் தொடங்கிய பிள்ளைகள் உங்கள் வீட்டில் உண்டா? இந்த வயதுக்கு 2ஆம் எண் அளவு வாள் அலகு (பிளேடு) சரியா? இடக்கைப் பிடி சென்னையில் கிடைக்கிறதா, வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டுமா?