ரிலீஸ் நெருக்கடியில் ஆபீஸிலேயே தூங்கியவர்கள்: உங்கள் அனுபவம்?

புரோகிராமர், பெங்களூரு:

கன்சோல் போர்ட்டிங் என் வேலை. கம்ப்யூட்டருக்கு வந்த கேமை பிளேஸ்டேஷனிலும் ஸ்விட்சிலும் ஓட வைக்க வேண்டும். "லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டு வந்து செய்யலாமே" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்கள் எழுதுவதைச் சோதிக்க டெவ்கிட் வேண்டும். அது கடையில் வாங்குகிற கன்சோல் இல்லை. கன்சோல் கம்பெனி ஒப்பந்தம் போட்டு ஸ்டுடியோவுக்குத் தருவது. எங்கள் ஆபீஸில் அதை வாசல் தாண்டி எடுத்துப் போக விடமாட்டார்கள். டெவ்கிட்டில் மட்டும் கேம் கிராஷ் ஆனால், அது இருக்கிற இடத்தில்தான் நாமும் கிடக்க வேண்டும்.

சப்மிஷன், அதாவது கேமைக் கன்சோல் கம்பெனியிடம் ஒப்படைக்கிற நாள், நெருங்கினால் இன்னும் மோசம். கன்சோல் கம்பெனி தன் விதிகளை வைத்துக் கேமைப் பரிசோதிக்கும். விளையாடும்போது கன்ட்ரோலர் கழன்றால் என்ன ஆகிறது, சேவ் ஃபைல் கெட்டுப்போனால் என்ன சொல்கிறது என்று பார்ப்பார்கள். தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பயந்துதான் ராத்திரி முழுக்க பில்டு போடுவோம், அதாவது எழுதிய கோடை ஓடக்கூடிய கேமாக மாற்றுவோம். பதினொரு மணிக்குப் போட்டது ஒன்றரைக்குத்தான் வரும். அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது.

அதனால் மீட்டிங் ரூம் கார்பெட்டில் யோகா மேட்டை விரித்துப் படுப்போம். அங்கே விளக்கெல்லாம் சென்சாரில் எரியும். யாராவது ஒருத்தர் புரண்டு படுத்தால் போதும், மொத்த ரூமுக்கும் வெளிச்சம் அடிக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் அணையும், அப்புறம் இன்னொருத்தர் புரள்வார். ஏ.சி. கட்டிடம் முழுவதற்கும் ஒன்றுதான், குறைக்க வழியில்லை. ஸ்வெட்டரைப் போட்டு, துண்டைக் காதில் சுற்றிக்கொண்டு படுப்பேன். ஆறு மணிக்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா வந்துவிடுவார், தர்மபுரிக்காரர். "தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்கப்பா, மாப் போடணும்" என்பார். எழுப்புவதற்கு அவருக்கே மனசு வராது.

இவ்வளவும் செய்து வேலையாவது முன்னேறியதா? ஒரு நாள் விடியற்காலையில் மெமரி போதவில்லை என்று டீமில் ஒருவர் டெக்ஸ்சர்களை, அதாவது உருவங்கள் மேல் போர்த்துகிற படங்களை, மெமரியிலிருந்து சீக்கிரமே நீக்குகிற மாதிரி மாற்றினார். ரிவ்யூ பார்க்க வேண்டியவரும் தூக்கத்தில்தான் இருந்தார். காலையில் மூன்றாவது லெவல் வில்லனின் முகம் முழுக்கக் கறுப்பு. அன்று பகல் முழுவதும் அதைச் சரிசெய்வதிலேயே போனது. தெளிந்த தலையோடு பார்த்திருந்தால் அந்த மாற்றம் உள்ளே போயிருக்கவே போயிருக்காது. தேதியை முடிவு செய்தவர்கள் எவரும் அந்தக் கார்பெட்டில் படுத்ததில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

டெஸ்டர், ஹைதராபாத்:

நான் ஆபீஸில் தூங்கியதில்லை, பெண்களுக்கு அனுமதி இல்லை. ராத்திரி கேப் வண்டியில் செக்யூரிட்டியோடு அனுப்பிவிடுவார்கள். பாதுகாப்பு வேண்டியதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் வேலை நின்றதில்லை. பிழை எந்தப் படியில் வருகிறது என்று வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்து எழுதி அனுப்புவேன். குழந்தையைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டே ஒரு கையால் டைப் செய்த ரிப்போர்ட்டுகள் எத்தனையோ. அப்ரைசலில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவங்கெல்லாம் ஆபீஸ்லயே தங்கி உழைச்சாங்க." தரையில் படுத்தது எல்லோர் கண்ணிலும் பட்டது, நான் விழித்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை. பெங்களூரு நண்பரே, உங்கள் மேல் வருத்தமில்லை. படுத்துக் கிடப்பதையே திறமை என்று கணக்குப் பார்க்கிற மேனேஜர்கள் மேல்தான்.

ஆர்ட்டிஸ்ட், வான்கூவர்:

இங்கேயும் இதே கதைதான், சோபா மட்டும் கொஞ்சம் நல்லது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஹைடெக் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு வேலை நேரம், ஓவர்டைம் விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதனால் கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்கவும் முடியவில்லை. பக்கத்தில் கலிபோர்னியாவில் கேட்டார்கள், கிடைத்தது. 2004இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் கம்பெனியின் ஊழியர் ஒருவரின் வருங்கால மனைவி, எரின் ஹாஃப்மன், பெயர் போடாமல் இணையத்தில் ஒரு கடிதம் எழுதினார். வாரம் ஏழு நாளும் வேலை வாங்குகிறார்கள் என்று அதில் இருந்தது. அந்தச் சமயத்தில் நடந்த ஓவர்டைம் வழக்குகளில் ஆர்ட்டிஸ்டுகளுக்கு 1.56 கோடி டாலரும் புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலரும் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. வீட்டில் காத்திருந்த ஒருத்தர் எழுதிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

பெங்களூரு தம்பிக்கு ஒன்று. டெவ்கிட் வாசல் தாண்டாது என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2020 ஊரடங்கில் எத்தனையோ ஸ்டுடியோக்களில் டெவ்கிட் ஊழியர் வீட்டுக்கே போனது, என் மேசையிலும் ஒன்று இருந்தது. கன்சோல் கம்பெனிகள் அதற்கு அனுமதி கொடுத்தன. மறுபடி அனுமதி கேட்டுப் பார்த்தார்களா என்று உங்கள் புரொடியூசரிடம் மெயில் போட்டுக் கேளுங்கள், வாயால் வேண்டாம். அடுத்த சப்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.